பகைவன் பிள்ளைக்கும் பால்



1946-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி, யுத்தத்தால் சீரழிந்த தேசங்களின் குழந்தைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை யுனிசெஃப் என்னும் நிதியை ஏற்படுத்திற்று. முந்தின வருஷம்வரை ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்ட நாடுகள் அவை. ஆனாலும் ஜெயித்தவன் பிள்ளை, தோற்றவன் பிள்ளை என்று பாராமல் பால் கொடுத்தார்கள். நல்ல சமாரியன் உவமையை நாம் கோவிலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதை நடத்திக் காட்டினவர்கள் யாராயிருந்தால் என்ன?

நம் திருச்சபையிலோ 1843-லேயே, பிரான்சு தேசத்து நான்சி நகர் மேற்றிராணியார் ஃபோர்பின் ஜான்சன் ஆண்டகை திருப்பாலர் சபையைத் தொடங்கினார். தினம் ஒரு அருள் நிறைந்த மந்திரம், மாதம் ஒரு காசு: சிறுபிள்ளைகளிடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

நமது தேசத்தில் இயல்பான போலியோக் கிருமி கடைசியாக ஒரு குழந்தையை முடமாக்கியது 2011 ஜனவரியில். 2014-ல் அது ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றும் கிடைத்தது. வீடு வீடாய் நடந்து சொட்டு மருந்து கொடுத்தவர்களின் பாதங்களைச் சர்வேசுரன் ஆசீர்வதிப்பாராக.

இவ்வளவுக்குப் பிறகும், ஞானஸ்நானத்துக்கு நாள் தவறாத தாய்மாரிலே சிலர், முதல் ஊசிக்குக் காய்ச்சல் கண்டதென்று மறு ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போவதில்லை. ஊசிக் காய்ச்சல் இரண்டொரு நாளில் விடும். தொண்டை அடைப்பான் அப்படி விடுமா? 6, 10, 14-ம் வாரங்களில் மூன்று தடவையும் போடவேண்டும். பாட்டிமார் தடுத்தால், தகப்பன்மாரே, நீங்கள் பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் இலவசமாய்ப் போடுகிறார்கள். அட்டையை மறவாமல் கொண்டுபோங்கள்.