பொறுத்துப்போ என்று சொன்னவர்கள்

எங்கம்மாவைப் பற்றி எழுதச் சொல்லி தோழர் ஒருவர் ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உப்பளத்துக் கூலி, காலனிக்காரி, பட்டாளத்திலிருந்து புத்தி கலங்கி வந்த புருஷனைக் காப்பாற்றியவள், எழுதினால் நல்லா வரும் என்றார். நல்லா வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். பொறுமைசாலிப் பொம்பளை என்கிற சிலையை நாமே செய்து நட்டுவிடக் கூடாதில்லையா.

கூனிமேட்டில் எங்க வீட்டுக்கு மிலிட்டரி வீடு என்று பேர். அப்பா 1985இல் சேர்ந்தார். ஊர்த்தெருவில் தாத்தா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனவர். அவர் மகன் லீவில் வந்தபோது அதே தெருவில் பூட்ஸ் காலோடு நடந்தார். ஒருத்தனும் வாய் திறக்கவில்லையாம். பட்டாளம் நமக்குப் புதுசும் இல்லை. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். 1891இல் அம்பேத்கர் பிறந்ததே மாவ் பட்டாளக் குடியிருப்பில்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சென்னைப் படையிலும் பறையர்கள் நிறைய இருந்தார்கள். அந்த உடுப்பு கொடுத்த மரியாதையை நான் கேலி பண்ணமாட்டேன். அதற்கு அப்பா கொடுத்த விலையை மட்டும் சொல்கிறேன்.

1987 ஜூலை 29இல் ராஜீவும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதிப்படை என்று பேர் வைத்துப் போன படை, அக்டோபரில் புலிகளோடு சண்டைக்கு இறங்கியது. அப்பா அந்த மாசம் போனவர்தான். தமிழ் தெரிந்த சிப்பாய் என்பதால் வீடு வீடாகச் சோதனை போடும்போது அவரை முன்னால் நிறுத்தினார்கள். கதவைத் தட்டித் தமிழில் பேசவேண்டியது அவர் வேலை. உள்ளேயிருந்து வந்த ஒரு கிழவி, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டாளாம். இந்த ஒரு வரியைத் தவிர அங்கே நடந்த எதையும் அவர் முழித்திருக்கும்போது சொன்னதில்லை. ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியான அரசியல் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு முன்பே திரும்பி வந்துவிட்ட எங்கப்பா அந்தச் சேதியை ரேடியோவில் கேட்டுவிட்டுச் சோறு தின்னாமல் எழுந்துபோனார் என்பதும் உண்மை. ரெண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் அம்மா அவரைக் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் மாசமே தெரிந்துவிட்டது. தூக்கத்தில் "கதவத் தொறங்கம்மா, கதவத் தொறங்க" என்று கெஞ்சுவாராம். கையைத் தொட்டு எழுப்பினால் கழுத்தைப் பிடித்துவிடுவார். காத்து கருப்பு என்று கோடாங்கி அடித்தார்கள், தர்காவில் மந்திரித்தார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் போராடியதில், இந்த நோய்க்கு அமெரிக்க மருத்துவர்கள் 1980லேயே பேர் வைத்துவிட்டார்கள். கூனிமேட்டுக் காலனிக்கு அந்தப் பேர் வந்துசேரவில்லை. அம்மா தானே கண்டுபிடித்தாள். கால்மாட்டில் தள்ளி நின்று, பட்டாளத்தில் கூப்பிடுவதுபோல அவர் பேரைச் சத்தமாகச் சொன்னால் எழுந்துவிடுகிறார். புருஷன் பேரைச் சொல்லக் கூடாத பொம்பளை ராத்திரிக்கு ராத்திரி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "பேரு சொன்னா ஆயுசு கொறையும்"னு ஆயா அழுதிருக்கிறாள். "சொல்லலன்னா என் ஆயுசு கொறையுதே"ன்னு அம்மா கேட்டிருக்கிறாள்.

தீபாவளி ராத்திரி வெடிச்சத்தம் தொடங்குமுன் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விடுவாள். ஐப்பசியில் மழை இறங்கி பாத்தியெல்லாம் தண்ணியாக நிற்கும், ஆள் இருக்காது. வரப்பில் ரெண்டு பேரும் கோணியைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வெடிக்காகத்தான் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது 1987 அக்டோபர் 21, ஒரு தீபாவளி நாள் என்று பிறகு படித்தேன். அப்பா அங்கே இருந்தாரா என்று அம்மா கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் சிலை செய்கிறவர்கள் விட்டுவிடுவார்கள். அப்பா அம்மாவை அடித்திருக்கிறார். தூக்கத்தில் அடித்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. அதற்கு அவள் கோபப்படவில்லை. இன்னொரு நாள் குடித்துவிட்டு, முழித்துக்கொண்டு அடித்தார். மறுநாள் காலையில் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சொந்தபந்தமெல்லாம் வந்து, "அவருக்கு ஒடம்பு சரியில்ல, நீதான் பொறுத்துப்போவணும்" என்றது. அம்மா சொன்னது எனக்கு மனப்பாடம்: "தூக்கத்துல அடிச்சது அவரு இல்ல. முழிச்சிக்கினு அடிச்சது அவருதான். நோவுக்கு நான் பாக்கறேன். அடிக்கு அவருதான் பதில் சொல்லணும்."

எம்.ஏ.வில் அறம் அறம் என்று ரெண்டு வருஷம் படித்தேன். இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குக் கோடு போட்டுக் காட்டவில்லை. நோயாளி என்றதும் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, எல்லாவற்றுக்கும் அவனைக் குற்றவாளியாக்குகிறோம். இல்லையென்றால் எதற்கும் பொறுப்பில்லாத குழந்தையாக்கிவிடுகிறோம். குழந்தையாக்குவது இரக்கம்போலத் தெரியும், ஆனால் அதில் மனுஷனின் மரியாதையும் சேர்ந்து போய்விடுகிறது. அம்மா அவரைப் பொறுப்புள்ள ஆளாக வைத்திருந்தாள். பதினோராம் நாள் அப்பா வந்து, குடியை நிறுத்துகிறேன், ராத்திரி தனியாகத் திண்ணையில் படுக்கிறேன் என்று ஆயா எதிரில் ஒப்புக்கொண்ட பிறகுதான் திரும்பினாள். ரெண்டு தடவை தவறினார், ரெண்டு தடவையும் கிளம்பிப்போனாள். குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் தூக்கிக்கொண்டு தாசி வீட்டுக்குப் போன நளாயினி கதையைச் சொல்லி இந்த ஊர் பொம்பளைகளை வளர்க்கிறது. அம்மாவும் கூடை தூக்கியவள்தான், உப்புக்கூடை. அந்தக் கூலியில்தான் அவருக்கு மாத்திரை வாங்கினாள்.

2013 மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதத்தைத் தொடங்கி, ஈழத்துக்காகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளெல்லாம் எழுந்தன. நானும் மேடையேறினேன். அப்போதுதான் 'முறிந்த பனை' படித்திருந்தேன். அதை எழுதியவர்களில் ஒருவரான ரஜினி திராணகம, அமைதிப்படையால் சிதைக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தவர். 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாக்குமூலங்களைச் சொல்லி, வந்தது படையல்ல, கொலைக்கூட்டம் என்று கத்தினேன். கைதட்டல். வீட்டுக்கு வந்தால் அப்பா திண்ணையில். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீ பேசினது பொய்யில்ல பாப்பா" என்றார். பிறகு நாலு நாள் பேசவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. உப்பு வாரிய கையைக் கழுவிக்கொண்டே, "இவுருக்கு நான் கீறேன். அந்தப் பொம்பளைங்களுக்கு ஆரு?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மாசம், ஏப்ரல் 25. மாமல்லபுரத்துச் சித்திரை விழாவுக்குப் போன கூட்டத்தோடு மோதல் வெடித்து மரக்காணம் காலனியில் நம் ஜனங்களின் குடிசைகள் எரிந்தன, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்கள் எரிந்தன. எங்கள் காலனியில் ஒரு விளக்கும் எரியவில்லை. தெருவில் யாரோ ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். அம்மா எழுந்தாள். அப்பா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "தொறக்காத, தமிழ்ல பேசுவான், தொறக்காத" என்றார். அம்மா கால்மாட்டுக்குப் போய் நின்று அவர் பேரைச் சொன்னாள். ஒரு தடவை, ரெண்டு தடவை. அவர் தூங்கவில்லையே, முழித்துக்கொண்டுதானே இருந்தார். அன்றைக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. வெளியே நின்றது பக்கத்து வீட்டுப் பையன்தான் என்று விடிந்ததும் தெரிந்தது.

பதினொரு வருஷ வேலைக்குப் பிறகு, 1996இல், அப்பாவை வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு தாள் கொடுத்தார்கள். நோய் பணியால் வந்ததல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பிறகு எழுத்துக் கூட்டிப் படித்து அம்மாவுக்கு அர்த்தம் சொன்னவள் நான்தான், ஏழாம் வகுப்புக்கு வந்தபோது. ஊனப் பென்ஷன் கிடையாது. சேரும்போது இல்லாத நோய் பிறகு வந்தால் அது பணியால் வந்ததென்றே கொள்ளவேண்டும், இல்லையென்று காட்டவேண்டியது அரசுதான் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதை வைத்து இப்போது மனு போடுகிறோம். நூறு விழுக்காடு ஊனம் என்று ஒப்புக்கொண்டால், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கென்று ஒரு படிகூட உண்டு என்றார் வக்கீல். எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். "தொண்ணூறுலேர்ந்து" என்றாள். அவர் மனைவியின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினார். எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாக அதைப் படித்துவிட்டு அப்பாதான் சொன்னார்: "சார், அத்த அடிச்சிட்டு உப்பளம்னு போடுங்க."