புயல் வரும் என்று சொல்பவன்

நோர்வேயில் வாழும் எம்மவர் அநேகரின் கைத்தொலைபேசியில் இரண்டு இடங்களின் காலநிலை இருக்கும். ஒன்று ஒஸ்லோ. மற்றது பருத்தித்துறையாகவோ, முல்லைத்தீவாகவோ, மட்டக்களப்பாகவோ இருக்கும். எனக்கு அது நெடுந்தீவு. நோர்வே வானிலை நிறுவனமும் அரச ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யும் சேர்ந்து 2007 இல் 'யூர்' என்ற சேவையைத் தொடங்கின. நோர்வேஜிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தூறல் என்று பொருள். உலகத்தின் எந்த மூலைக்கும் அது மழையும் காற்றும் சொல்லும். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு என்று எங்கள் தீவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். கார்த்திகையும் மார்கழியும் வந்தால் வேலை முடிந்து இரவு பஸ்ஸில் வரும்போது எம்மவர் பலர் இதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகி நாலு நாளில் எங்கள் தீவுகளை நெருங்கும் என்பது, அந்தத் தீவில் இருக்கும் மனிதருக்குத் தெரியுமுன்னரே ஒஸ்லோவில் இருக்கும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த அறிவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும்? சொல்ல வேண்டும் என்பது முதல் பதில். சொன்னதோடு என் கடமை முடிந்துவிடுகிறதா என்பதுதான் எனக்குள்ள சிக்கல்.

முன்பு இந்த அறிவு தீவிலேயே இருந்தது. சோளகம் எப்போது விழும், வாடை எப்போது கிளம்பும், கச்சான் அடித்தால் எந்தப் பக்கம் வலை போடுவது, கொண்டல் மேகம் எதைக் காட்டுகிறது என்று கடலுக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னவனும் அதே வள்ளத்தில்தான் ஏறினான். கணிப்புப் பிழைத்தால் அவனும் நனைந்தான். எதிர்வுகூறலின் ஒழுக்கம் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்த விஷயம்தான் நினைவுக்கு வருகிறது.

நவீன வானிலை எதிர்வுகூறல் பிறந்த கதையிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 1859 இல் 'றோயல் சாட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு றொபேர்ட் ஃபிற்ஸ்றோய் என்ற கடற்படை அதிகாரி தந்தி மூலம் தகவல் திரட்டி, 1861 இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். இது தீர்க்கதரிசனமல்ல, கணித்துச் சொல்லும் அபிப்பிராயம் என்று அவர் வலியுறுத்தினார். பத்திரிகைகள் அதைக் கேட்கவில்லை. பிழைத்த நாட்களை எண்ணிக் கேலி செய்தன. 1865 இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருடம் விஞ்ஞானிகள் குழுவொன்றின் அறிக்கையோடு எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலோடு பிழைப்பவர்கள் அது வேண்டும் என்று கேட்டார்கள். 1867 இல் புயல் எச்சரிக்கை மறுபடி வந்தது. கேலி செய்தவர்கள் கரையில் இருந்தவர்கள் என்பதையும், வேண்டுமென்று கேட்டவர்கள் கடலுக்குப் போனவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

நோர்வேக்கும் இதில் பங்குண்டு. ஒஸ்லோ அப்போது கிறிஸ்தியானியா என்ற பெயரில் இருந்தது. அங்கே 1862 இல் பிறந்தவர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ். முதலாவது உலக யுத்தத்தில் பிரித்தானியா வானிலைத் தகவல்களை இரகசியமாக்கியபோது நோர்வேயின் விவசாயிகளும் மீனவர்களும் இருட்டில் விடப்பட்டார்கள். 1918 இல் பியர்க்னெஸ் பேர்கன் நகரிலிருந்து கரையோரமெங்கும் அவதான நிலையங்களைப் பெருக்கினார். சூடான காற்றும் குளிர்காற்றும் மோதும் எல்லைக்கு அவரது குழுவினர் வைத்த பெயர் போர்முனையைக் குறிக்கும் 'ஃப்ரொன்ற்'. யுத்தகாலத்து மனிதர்கள் வானத்திலும் யுத்தத்தைக் கண்டார்கள் போலும்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 1964 டிசெம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கியது. தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய அந்த ஊர் மனிதர் வாழத் தகாதது என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் இறந்தவர்கள் ஏறத்தாழ 900 பேர். இவற்றைப் பற்றிப் பேசும்போது, அந்தக் காலத்தில் இன்றைய வசதி இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுகிறோம். செய்மதிப் படமும் கணினியும் இருந்தால் போதுமா?

போதாது என்பதற்கு 2017 இன் ஒக்கிப் புயல் சாட்சி. நவம்பர் முடிவில் கன்னியாகுமரிக் கடலில் அது பலம்பெற்றபோது நூற்றுக்கணக்கான மீனவர்கள் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தது, மனிதர் கடலில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் ஆட்களை இழந்தன.

2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்தது. கொரோனாக் காலம். ஒஸ்லோவில் மது பரிமாறத் தடை. நான் வேலை செய்த றெஸ்ரோறன்றில் மேசைகள் காலியாகக் கிடந்தன. எனக்கு நேரம் நிறைய இருந்தது. புயலின் பாதையை மணிக்கொரு தடவை பார்த்துவிட்டு நெடுந்தீவில் தனியே இருக்கும் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமி, ரெண்டு நாளைக்கு யாழ்ப்பாணத்திலை வந்து நில்லுங்கோ. காற்றுப் பெலக்கப் போகுது."

"நீ சொல்லுறது சரி தம்பி. ஆட்டை ஆரிட்டை விட்டிட்டு வாறது? பிறகு கடல் கொந்தளிச்சால் குறிகட்டுவானிலையிருந்து வள்ளம் எத்தினை நாளைக்கு ஓடாதோ ஆருக்குத் தெரியும். போன முறையும் வருது வருதெண்டு சொன்னவை. போட்டு வந்து பாக்க ரெண்டு ஆடு இல்லை. அந்தக் காசை நீயே தருவாய்?"

கடைசிக் கேள்வியை அவர் பகிடியாகத்தான் கேட்டார். அவர் போகவில்லை. புரெவி டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிப் பலம் குறைந்து மன்னார் வளைகுடாவுக்குள் போனது. நெடுந்தீவில் பெருமழை. மாமியின் ஓலைக் கொட்டில் ஒன்று சரிந்தது. அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

யார் சொன்னது சரி? புயல் திரும்பிவிட்டதால் மாமியின் முடிவு சரியாகிவிடாது. அது நேரே வந்திருந்தால் அவர் முட்டாளாகியிருக்கவும் மாட்டார். பல்கலைக்கழகத்தில் நான் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்த மெய்யியலில் எனக்குப் பயன்பட்ட ஒரு விஷயம் இதுதான்: ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நேரத்தில் தெரிந்திருந்ததை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஒன்றேதான். பத்துக்கு மூன்று வீதம் ஆபத்து என்று வையுங்கள். பத்துக்கு மூன்று என்பது பத்து முறை ஓடினால் ஏழு முறை வீணாக ஓடுவது. சொன்னவனுக்கு அந்த ஏழு முறையும் பிழையில்லை, அவன் கணக்கு அப்படியே சரி. ஆனால் ஓடியவளுக்கு ஏழு முறையும் நட்டம். என் பக்கத்தில் செலவு ஒரு தொலைபேசி அழைப்பு. அவர் பக்கத்தில் ஆடு, வீடு, வள்ளக்கூலி, முகாமில் பாய் விரிக்க இடம் தேடுவது.

உயிரை விட ஆடு பெரிதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதல்லத்தான். ஆனால் ஆடு இல்லாமல் அடுத்த ஆறு மாதம் எப்படி என்ற கேள்வியும் உயிர் பற்றிய கேள்விதான். அது வானிலை வரைபடத்தில் வராது.

நான் முன்பு வேலை செய்த ஒரு குசினியில் புகை எச்சரிக்கை மணி அடிக்கடி வீணாக அடிக்கும். பொரியல் புகையே போதும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பனிக்குள் போவார்கள். சிலர் காசு கொடுக்காமலே போய்விடுவார்கள். அந்த நட்டத்தைக் குசினியில் நின்றவனின் சம்பளத்தில் கழிக்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை வந்தது. அடுத்த நாள் மணியின் வாயில் ஈரத்துணி சுற்றியிருந்தது. யார் சுற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீண் எச்சரிக்கையின் செலவை மிகவும் இல்லாதவன் தலையில் போட்டால் அவன் மணியைத்தான் அடைப்பான். அவனுக்கு அறிவு இல்லை என்று பிறகு நாங்கள் சொல்லுவோம்.

இதற்கு மறுதலையும் உண்டு. ஒரிசாவில் 1999 இன் பெரும் சூறாவளி ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்றது. அதே கரையில் 2013 ஒக்ரோபரில் ஃபைலின் வந்தபோது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் கணினிகள் திருந்தியது உண்மை. ஆனால் கரையோரத்தில் புகலிடக் கட்டிடங்கள் எழுந்ததும், வாகனம் வந்ததும், சமைத்த சோறு கிடைத்ததும் அதைவிடப் பெரிய மாற்றங்கள். ஓடுவதன் செலவை ஓடுகிறவன் மட்டும் சுமக்கவில்லை.

நோர்வேயில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். தீக்காப்புறுதி செய்த எந்தக் கட்டிடத்துக்கும் இயற்கை அழிவுக்கான காப்புறுதியும் கூடவே வருகிறது. 1980 இல் இதற்கென ஒரு பொது நிதியம் உருவானது. புயலும் மண்சரிவும் அதிகமான மேற்குக் கரைக்காரனும் அவை அருமையாகவே வரும் ஒஸ்லோக்காரனும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள். 2023 ஓகஸ்ட்டில் ஹான்ஸ் புயல் வந்து சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டபோது சனம் வீட்டை விட்டுப் போனது. வெறும் கீழ்ப்படிவால் அவர்கள் போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வரும்போது தனியே நிற்கமாட்டோம் என்ற நிச்சயமும் அதற்குள் இருந்தது.

இன்னொன்று மொழி. 2025 நவம்பர் 28 அன்று டித்வாப் புயல் இலங்கையைக் கடந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிகமானவர்கள் மலையகத்து மண்சரிவுகளில். தமிழில் எச்சரிக்கைகள் போதிய அளவில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. தோட்டத்து லயன் அறையில் இருப்பவருக்கு விளங்காத எச்சரிக்கை யாருக்கு விடப்பட்ட எச்சரிக்கை? சொல்லிவிட்டோம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வதற்கு அது உதவும்.

இங்கே எங்களைப் பற்றியும் பேச வேண்டும். ஆபத்து எல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை என்பதைத் தீவார் நன்றாக அறிவார்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் கடற்படையினரால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2008 நவம்பரில் நிஷாப் புயல் வன்னியை வெள்ளக்காடாக்கியபோது இடம்பெயர்ந்த சனம் தறப்பாளின் கீழ் இருந்தது. அவர்களிடம் போய், மழை வருகிறது மேட்டுக்குப் போங்கள் என்று யார் சொல்வது? ஒரு பக்கம் இராணுவம் வந்துகொண்டிருந்தது. மறுபக்கம் வெளியேறுவதற்குப் புலிகளின் அனுமதி வேண்டும். அதே நாட்களில் ஐரோப்பியத் தலைநகரங்களில் எம்மவர் பலர் யுத்தத்தின் போக்குப் பற்றி எதிர்வுகூறிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் காற்றுத் திரும்பும் என்றார்கள். காற்றுத் திரும்பவில்லை. பொறுத்தவர்கள் வேறு, பொறுக்கச் சொன்னவர்கள் வேறு. இவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கள் கணிப்பின் விலையைத் தாங்கள் கொடுக்கத் தேவையில்லாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள். அந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இல்லை. தெரிந்ததை மறைப்பது அதைவிட மோசம். சொல்லத்தான் வேண்டும். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே, கேட்பவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். போவதா இருப்பதா என்ற தீர்ப்பை அங்கே இருப்பவரிடம் விட வேண்டும். அந்தத் தீர்ப்பு சுதந்திரமாக இருப்பதற்கு, போவதன் செலவில் நாங்களும் பங்கெடுக்க வேண்டும். எதிர்வுகூறல் பொய்த்துப் போகும்போதுகூட, அதுவும் அப்போதுதான் முக்கியமாக.

ஒவ்வொரு ஊருக்கும் புகலிட நாடுகளில் சங்கம் இருக்கிறது. கோயிலுக்கு இராசகோபுரம் கட்டக் காசு சேர்க்கிறோம். அழிவு நடந்த பிறகு நிவாரணத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம், படம் எடுத்தும் போடுகிறோம். வராமல் போன புயலுக்குக் காசு கொடுக்க எங்களிடம் ஒரு சங்கமும் இல்லை. வீணாக வீட்டை விட்டுப் போய்வந்த ஒரு கிழவிக்கு வள்ளக்கூலியும் காணாமற்போன இரண்டு ஆட்டின் விலையும். கணக்குப் பார்த்தால் ஒஸ்லோவில் ஒருநாள் இரவுச் சம்பளம் அதற்குக் காணும். அதில் படம் எடுக்க ஒன்றும் இராது. கொடுத்த பிறகும் மாமி போகமாட்டேன் என்று சொல்லக்கூடும். அப்போதுதான் அவர் சொல்வது அவருடைய முடிவாக இருக்கும்.