தேவைக்கும் ஆசைக்கும் அளவுகோல்

பழைய கணினிக்கு ராம் கூட்டலாமா என்ற கேள்விக்குள் அதைவிடப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: தேவை எங்கே முடிந்து ஆசை எங்கே தொடங்குகிறது? 18-ஆம் நூற்றாண்டில் ஆசையின் போக்கைத் தோலுரித்துக் காட்டிய தாயுமானவர், திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரசில் சம்பிரதியாகக் கணக்குப் பார்த்தவர் என்பது மரபு. அவருடைய சமாதி இராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் இருக்கிறது. நிலமெல்லாம் ஆள்பவர் கடலையும் ஆளப் பார்ப்பார். குபேரனுக்கு நிகராகப் பொன் வைத்திருப்பவர் ரசவாதம் தேடி அலைவார் என்பது அவர் பாடிக் காட்டும் நிலை. கையில் இருப்பதற்கு ஒரு படி மேலே என்பதைத் தவிர ஆசைக்கு வேறு அளவு கிடையாது. தேவையை அளப்பதோ செய்யும் வேலை.

கணினியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இராமநாதபுரத்து இ-சேவை மையம் ஒன்றில் 4 ஜிபி கணினி ஓடுவதாகக் கொள்வோம். பிரவுசரில் பத்து டேப், ஸ்கேனர், நாலைந்து பிடிஎஃப் எல்லாம் திறந்ததும் ராம் போதாமல், விண்டோஸ் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைத்து, கேட்கும்போது திரும்ப ஏற்றும். டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும். கிளிக் செய்தால் திரை அசையாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்க, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டால் அது தேவைதான்.

காலி மெமரி சொற்பமாகத் தெரிவது மட்டும் குறை ஆகாது. சும்மா கிடக்கும் ராமில் முன்பு படித்த கோப்புகளை இயங்குதளமே வைத்துக்கொள்கிறது. நிறைந்திருப்பதைக் குறை என்று மயங்குவது ஆசையின் பழைய வித்தை; செல்வத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது.

கொள்ளளவும் பார்க்க வேண்டும். 32-பிட் விண்டோஸ் நிறுவிய சாதாரணக் கணினியில் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண். டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 பொருந்தாது. சான்றிதழ் வேலைக்கு 8 ஜிபி தாராளம். அதே கடையில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் நடந்தால் 16 கேட்பதில் நியாயம் உண்டு.

உள்ளது போதும் என்று 4 ஜிபியிலேயே காலம் தள்ளுவதும் துறவாகிவிடாது. வருமானச் சான்றுக்காகத் தேவிபட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் பெஞ்சில் காத்துக் கிடக்க, கடைக்காரர் மிச்சம் பிடிப்பது அடுத்தவர் நேரத்தை. 8 ஜிபி ஆன பிறகும் கணினி இழுத்தடித்தால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டுப் பார்க்க வேண்டும். மேலும் ராம் வாங்குவது அதற்கு அப்புறம்.