வராததும் செய்திதான்

ஐப்பசி மழை விட்ட இரவா? சென்னையை ஒட்டிய நாவலூர் வீட்டு மொட்டை மாடியில், கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் போடுங்கள். அதன் முன்னால் ஒரு பல்பு எரியட்டும். கொஞ்ச நேரத்தில் ஈசல், தத்துப்பூச்சி, வண்டு, அந்துப்பூச்சி என்று துணி நிறைந்துவிடும்.

கண் அழகானதைத்தான் முதலில் தேடும், தேடட்டும். அரளியும் நந்தியாவட்டையும் தின்று வளர்ந்த அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பார்வையை எடுக்க மனம் வரும்? கரும்பச்சை, வெளிர்பச்சை, இடையே இளஞ்சிவப்புக் கீற்று. ராணுவச் சீருடை போல இருக்கும்.

ஆனால் துணியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் பூச்சியை விட்டுவிடாதீர்கள். முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கரும்புள்ளி இருக்கிறதா? அது நெல்லின் தண்டு துளைப்பான். விவசாயிக்கு எதிரிதான். ஆனால் நெல்லை நம்பியே வாழ்வது. இத்தனை ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவிலும் பக்கத்தில் எங்கோ நடவு நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு வருடம் அது வராமல் போகலாம். அதுவும் செய்திதான். ஆனால் முன்பு வந்ததை எழுதி வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி கிடைக்கும்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1933-இல் விளக்குப்பொறி வைத்து இரவுதோறும் பூச்சிகளை எண்ணத் தொடங்கினார்கள். பிறகு பிரிட்டன் முழுக்கப் பொறிகள் வந்தன. 1968 முதல் 2017 வரை பெரிய அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது இப்படித்தான் தெரியவந்தது. அரியதைத் தேடி அலைந்திருந்தால் இது தெரிந்திருக்காது. சாதாரணமானதைச் சலிக்காமல் எண்ணியதால் தெரிந்தது.

உங்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். தேதி, நேரம், இடம், மழையா, நிலவா என்று குறியுங்கள். நிலவு நாளில் பூச்சி குறைவாகத்தான் வரும். அதனால் நிலவையும் எழுத வேண்டும். பெயர் தெரியவில்லையா? போட்டோ எடுத்து வையுங்கள், பெயர் பிறகு கிடைக்கும். தேதி பிறகு கிடைக்காது. ஒன்றுமே வரவில்லையா? "இன்று எதுவும் இல்லை" என்று எழுதுங்கள். அதுவும் முழுமையான பதிவுதான்.

எழுதி முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தில் திசை குழம்பி வந்த பூச்சிகள் அவை. இரை தேடவும் துணை தேடவும் அவற்றுக்கு இருட்டு வேண்டும்.