பழம்பொருளும் அநித்தியமும்

அனைத்தும் அநித்தியமெனில், பழம்பொருளைப் பேணுவது பற்றாகாதோ? நாம் சற்றே ஆராய்வோம்.

பாறசாலையை அடுத்த குளத்தூர் போன்ற எல்லையூர்களில், பாட்டி மிதித்த தையல் இயந்திரம் பேத்திக்கும் உழைப்பதுண்டு. அஃது அழியாப் பொருளன்று. தேய்ந்த வாரையும் ஊசியையும் மாற்றி எண்ணெயிடுவதாலேயே நிலைக்கிறது.

மாறாக, 1924ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய மின்விளக்கு உற்பத்தியாளர், அதனினும் நீண்டு எரியவல்ல விளக்கின் ஆயுளை 1000 மணியாகக் குறுக்கினர். அஃது அநித்தியமன்று, லோபமே.

500 சீவரங்களைத் தானம் பெற்ற ஆனந்த தேரரை, பழையவற்றை என்செய்வீர் என உதேன மன்னன் வினவினான். விரிப்பாக்குவோம், கால்துடைக்கும் துணியாக்குவோம், இறுதியில் சேற்றொடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றார் தேரர். விநயபிடகம் கூறும் செய்தி இது.

ஆகவே பேணுதல் பற்றன்று. உழைக்கும்வரை பேணி, ஓய்ந்தபின் வருந்தாது விடுதலே அறம்.