முதலில் உயிர், பிறகு விசாரணை



அயல்வீட்டு வாலிபன் ஒருவன் நஞ்சருந்தி முற்றத்தில் விழுந்து கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மூச்சில்லை, நாடியில்லை. ஆஸ்பத்திரியோ பல மைல் தொலைவில். சூழ நிற்பவர்களுள் ஒருவர், "அவனாகத் தேடிக்கொண்ட முடிவு, நாங்கள் என்ன செய்யிறது?" என்கிறார். இப்படிப்பட்ட பேச்சை நம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். அது நியாயமானதுதானா?

அப்பேச்சினுள் இரண்டு எண்ணங்கள் மறைந்திருக்கின்றன. ஒன்று, இனிச் செய்ய எதுவுமில்லை என்பது. மற்றது, செய்யும் கடமை நமக்கில்லை என்பது. இரண்டும் பிழை.

முதலாவதை வைத்தியம் மறுக்கிறது. நெடுநாள் நோயினால் தேய்ந்து நின்ற இருதயம் வேறு. நஞ்சினால் நின்ற இருதயம் வேறு. நஞ்சருந்துவோரிற் பலர் இளவயதினர்; அவர்கள் இருதயத்தில் பெரும்பாலும் பழைய நோயில்லை. சில பூச்சிமருந்துகள் முதலில் மூச்சை அடக்குகின்றன. பிராணவாயு கிடையாமல் பின்னர் இருதயம் நிற்கிறது. வேறு சில நஞ்சுகள் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கின்றன. நஞ்சின் வேகம் தணியும்வரை, அல்லது மாற்றுமருந்து வேலை செய்யும்வரை, இரத்தவோட்டத்தைப் பிறர் கைகள் காத்துக்கொடுத்தால், அவ்விருதயம் மீண்டும் இயங்க இடமுண்டு. இத்தகையோருக்கு வழக்கத்திலும் நீண்டநேரம் முயலவேண்டும் என்று வைத்தியர்கள் கூறுவது இதனாலேயே. எல்லோரும் பிழைப்பதில்லை. ஆனால் கைகட்டி நின்று பார்த்தால் எவரும் பிழையார்.

ஆகவே 1990 என்ற இலக்கத்துக்கு அறிவித்து இலவச அம்புலன்ஸை அழையுங்கள். நெஞ்சின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அழுத்துங்கள். வாயில் நஞ்சு படிந்திருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதவேண்டாம். நெஞ்சை அழுத்துவதை நிறுத்தவும் வேண்டாம். நஞ்சருந்தியவர் நினைவோடிருந்தாலும், உப்புத்தண்ணீர் பருக்கிச் சத்தியெடுக்கப் பண்ணாதீர்கள்.

இனி இரண்டாவது எண்ணம். "அவனாகத் தேடிக்கொண்டது" என்னும்போது, அவன் முழு மனதோடு தீர்மானித்தான் என்று நாமே தீர்ப்பிட்டுவிடுகிறோம். நமது நாட்டின் அனுபவம் வேறுவிதமாகப் பேசுகிறது. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். பூச்சிமருந்துகளுட் கொடியவை 1995 இலும் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் அவ்விகிதம் பாதியாகக் குறைந்தது. அப்பத்தாண்டில் வறுமையோ குடும்பச் சண்டையோ நாட்டைவிட்டு ஒழிந்துவிடவில்லை. கைக்கெட்டிய நஞ்சின் கொடுமைதான் குறைந்தது. எனவே, பல மரணங்களுக்குக் காரணம் உறுதியான தீர்மானமல்ல. ஒரு நேரத்து ஆத்திரமும் அருகிலிருந்த போத்தலுமே.

திருச்சபையும் இதை உணர்ந்திருக்கிறது. 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், அறிந்து துணிந்து தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983 ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் பயமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992 இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் போதிக்கிறது. தாயாகிய திருச்சபையே தீர்ப்பை இறைவனிடம் விட்டிருக்க, முற்றத்தில் நின்று தீர்ப்பிட நாம் யார்?

இன்னுமொன்று: குடும்ப மானம். "காய்ச்சல்", "வலிப்பு" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. எந்த நஞ்சு என்று தெரிந்தாலன்றோ வைத்தியர் தக்க மாற்றுமருந்தைக் கொடுக்கலாம்? தற்கொலை முயற்சி குற்றமென்ற விதி நம் நாட்டுச் சட்டத்திலிருந்து 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது; பயம் மாத்திரம் நீங்கவில்லை. போத்தலையோ உறையையோ கையோடு கொண்டுபோங்கள். உண்மையைச் சொல்லுங்கள். மானத்தைக் காக்கச் சொன்ன பொய் ஒரு பிள்ளையின் உயிரை வாங்கிவிடலாம்.

பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலனை நினைத்துப் பாருங்கள். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்றெண்ணி அவன் வாளை உருவித் தன்னை மாய்க்கப் போனான். அவன் காவலில் விலங்கிடப்பட்டிருந்த புனித சின்னப்பர், அவன் எப்படிப்பட்டவன் என்று ஆராயவில்லை. இருளிலிருந்தே உரத்துக் கூவித் தடுத்தார். உபதேசமும் ஞானஸ்நானமும் அதற்குப் பிறகுதான் வந்தன. உயிர் முதலில் காக்கப்பட்டது.

பிழைத்து வீடு திரும்புகிறவரிடம் நாமும் அந்த ஒழுங்கையே பின்பற்றுவோம். "ஏன் செய்தாய்?" என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். மனப்பாரத்தால் வாடும் எவரும் 1926 என்ற இலக்கத்தில் அரசாங்க மனநல உதவிச் சேவையோடு பேசலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். அப்படி வாடுகிற ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், இன்றைக்கே போய் அவருக்குப் பக்கத்தில் சற்றுநேரம் இருங்கள்.