மீட்பவன் கையில் துப்பாக்கி

2014இல் ஈராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர்கள் போருக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் மலையாளப் பெண்கள். ஜூலை 5 அன்று கொச்சியில் வந்திறங்கினார்கள். அவர்களை மீட்க இந்தியப் படை ஒரு தோட்டாவும் செலவிடவில்லை; பேச்சும் பொறுமையும்தான் மீட்டன. மூன்றாண்டு கழித்து, அதே சம்பவத்திலிருந்து பிறந்த 'டைகர் ஜிந்தா ஹை' என்ற இந்திப் படத்தில், ஓர் உளவாளி எந்திரத் துப்பாக்கியோடு வந்து செவிலியர்களைக் காப்பாற்றுகிறார். கதைதானே, வரலாறா என்று கேட்கலாம். கதைக்கு உரிமை உண்டு. ஆனால் உண்மையில் பேசி முடித்த ஒன்றைச் சுட்டு முடித்ததாகக் காட்டும்போது, இரக்கத்துக்கே துப்பாக்கி தேவை என்ற பொய்ப் பாடம் மனத்தில் பதிகிறது. துன்பப்பட்டவரின் கண்ணீர், சுடுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. தவறு அங்கேதான்.

சண்டை இல்லாவிட்டால் தியேட்டருக்கு யார் வருவார்கள் என்பது அடுத்த கேள்வி. சண்டையே வேண்டாம் என்பதல்ல வாதம். ஆயுதம் ஏந்தியவரும் உயிரைக் கொடுத்துக் காப்பதுண்டு. காஷ்மீரின் சோபியானில் 2014 ஏப்ரலில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை 'அமரன்' படம் சொன்னதில் குறையில்லை. காப்பாற்றப்படுபவருக்குப் படத்தில் சொந்த வாயும் சொந்த முடிவும் இருக்கிறதா என்பதே உரைகல். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்திலும் குண்டு வெடிக்கிறது. ஆனால் தத்துப் பிள்ளையான ஒன்பது வயது அமுதாவின் கேள்விகள்தான் கதையை நடத்துகின்றன. பெற்ற தாய் மகளோடு வர மறுக்கிறாள்; எந்த வீரனும் வந்து அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. அந்தப் படம் ஆறு தேசிய விருதுகள் பெற்றது.

படத்தில் அமுதா பிறந்தது ராமேஸ்வரத்து ஈழத்தமிழ் அகதிகள் முகாமில். அப்படியொரு முகாமைப் பார்க்க ராமேஸ்வரம் வரை போக வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் திரும்பினால், விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. போர்ப்படம் முடியும் இடத்தில்தான் இவர்கள் வாழ்க்கை தொடங்குகிறது: பதிவு, உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்பு, வேலை. இதில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. அதனால்தானோ என்னவோ, திரைக்கும் இது அதிகம் வருவதில்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. தமிழக முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் இந்தியக் குடிமக்கள் அல்லர்.